மைக் முன்னால் மேயர்

1945 ஜூலை. நியூயார்க்கில் பத்திரிகைகளை வண்டியில் ஏற்றி ஊரெங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். பத்திரிகைகள் அச்சாகின, கடைகளுக்கு வரவில்லை. சேதி தெரிந்தே ஆகவேண்டும் என்றவர்கள் பத்திரிகை அலுவலக வாசலிலேயே நீண்ட வரிசையில் நின்று வாங்கிப் போனார்கள். குழந்தைகளுக்கு அந்த வழியும் இல்லை. வாரம் முழுக்கக் காத்திருந்த ஞாயிற்றுக்கிழமைப் படக்கதைப் பக்கம் வீட்டுக்கு வரவில்லை.

ஞாயிறுதோறும் நகராட்சி வானொலியில் பேசும் மேயர் ஃபியொரெல்லோ லா கார்டியா, அந்த மாதமும் மைக் முன்னால் வந்து உட்கார்ந்தார். வழக்கமான நகரச் சேதிகளோடு ஒரு படக்கதைப் பக்கத்தையும் கையில் எடுத்துக்கொண்டார். குழந்தைகளைக் கிட்டே வரச் சொல்லிவிட்டு, ‘டிக் டிரேசி’ துப்பறியும் கதையை வாசிக்கத் தொடங்கினார். எந்தக் கட்டத்தில் யார் நிற்கிறார், என்ன செய்கிறார் என்று விவரித்து, ஆளுக்கு ஒரு குரலில் பேசி, பரபரப்பான இடத்தில் குரலை உயர்த்திக் கதையை முடித்தார். கெட்ட வழியில் வந்த பணம் யாருக்கும் நல்லது செய்யாது என்று பிள்ளைகளுக்கு ஒரு புத்திமதியும் சொன்னார். செய்திப்படக் குழுவினர் அதைப் படமெடுத்தார்கள். 62 வயது மேயர், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கைகளை ஆட்டி ஆட்டிக் கதை சொல்லும் அந்தக் காட்சியை இன்றும் பார்க்கலாம்.

லா கார்டியா என்றதும் அமெரிக்கர்கள் பலருக்கு இந்தக் காட்சிதான் நினைவுக்கு வரும். ஆனால் அன்று ஊரே அவர் பேச்சைக் கேட்க உட்கார்ந்ததற்குக் காரணம் படக்கதை இல்லை. அதற்கு முன் மூன்றரை ஆண்டுகள், ஞாயிறு தவறாமல் அவர் ஊர்க் கணக்கை ஊருக்குச் சொல்லி வந்திருந்தார். மேயர் என்பவர் மக்களிடம் என்ன சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்கு அந்தப் பேச்சுகள் நல்ல பாடம். நம் ஊர் மாநகராட்சிகளுக்கும் அதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

கத்தரிக்காய் விலையும் மேயர் வேலைதான்

லா கார்டியா 1934 முதல் 1945 முடியும் வரை மூன்று முறை தொடர்ந்து மேயராக இருந்தவர். தந்தை இத்தாலியிலிருந்து வந்தவர், தாய் திரியெஸ்தே நகரத்து யூதக் குடும்பத்தைச் சேர்ந்தவர். இளவயதில், கப்பலில் வந்து இறங்கும் குடியேறிகளைப் பரிசோதிக்கும் எல்லிஸ் தீவில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். இத்தாலியன், இத்திஷ், ஜெர்மன், குரோவேஷியன் என்று பல மொழிகள் தெரியும். பாதிப் பேர் வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பங்களாக இருந்த ஊரில், எளிய வார்த்தையில் பேசினால்தான் போய்ச் சேரும் என்பதை அவர் அங்கேயே கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

பேசுவதற்கு அவருக்கு ஒரு நல்ல வசதி வாய்த்தது. நியூயார்க் நகராட்சி 1924லேயே டபிள்யூ.என்.ஒய்.சி. என்ற சொந்த வானொலி நிலையத்தைத் தொடங்கியிருந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கிய அடுத்த மாதம், 1942 ஜனவரியில், ‘டாக் டு த பீப்பிள்’ என்ற ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியை லா கார்டியா ஆரம்பித்தார். பதவியின் கடைசி வாரம் வரை அது நிற்கவில்லை.

உலகப் போர் நடக்கும் காலத்தில் ஒரு மேயர் என்ன பேசுவார்? வீரம், தியாகம், தேசம் என்று முழங்கியிருக்கலாம். லா கார்டியாவும் அதெல்லாம் கொஞ்சம் பேசினார். ஆனால் பேச்சின் பெரும்பகுதி அடுப்படியைச் சுற்றியே இருந்தது. இந்த வாரம் சந்தையில் எந்தக் காய் மலிவு, எந்த மீன் நிறைய வந்திருக்கிறது, இறைச்சிக்கும் வெண்ணெய்க்கும் அரசு வைத்திருக்கும் உச்சவரம்பு விலை எவ்வளவு, ரேஷன் அட்டையில் எந்தப் புள்ளிக்கு என்ன கிடைக்கும் என்று வரிசையாகச் சொல்வார். கடைக்காரர் அதற்கு மேல் கேட்டால் கொடுக்காதீர்கள் என்பார். சூதாட்டம் நடத்துகிறவர்களையும் கள்ளச் சந்தைக்காரர்களையும் காய்ச்சி எடுப்பார். பொறுமையும் மனவுறுதியும் வேண்டும் என்ற வாழ்த்தோடு முடிப்பார்.

திங்கட்கிழமை காலை ஒரு வீட்டுப் பெண்மணி கடைக்குப் போகிறார். நேற்று மேயர் சொன்ன விலைதானா என்று பார்க்கிறார். சரியாக இருந்தால் மேயர் மேல் நம்பிக்கை ஒரு படி கூடும். தவறாக இருந்தால் கடைக்காரரிடம் சண்டை பிடிக்க அவர் கையில் ஒரு எண் இருக்கிறது. வாரம் ஒருமுறை, 70 லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழ்ந்த நகரத்தில், ஒவ்வொரு குடும்பமும் தன் தெருவிலேயே மேயரின் பேச்சைச் சோதித்துப் பார்க்க முடிந்தது. அவரது பேச்சுக்கு மதிப்பு வந்தது இப்படித்தான்.

விலையைப் பற்றிப் பேசும் தகுதியையும் அவர் சம்பாதித்து வைத்திருந்தார். 1935 டிசம்பரில் ஆர்டிசோக் என்ற காயின் மொத்த வியாபாரத்தை ஒரு ரவுடிக் கும்பல் கைக்குள் வைத்துக்கொண்டு விலையை ஏற்றியது. பொழுது விடியும் நேரத்தில், கொம்பு ஊதுகிறவர்களோடு பிராங்க்ஸ் மொத்தச் சந்தைக்கே போய் நின்று, அந்தக் காயை விற்கத் தடை விதிக்கும் அறிவிப்பை மேயரே வாசித்தார். சில நாட்களில் தடை விலக்கப்பட்டது. தள்ளுவண்டி வியாபாரிகளுக்காக அவர் காலத்தில் கூரை போட்ட சந்தைகள் கட்டப்பட்டன. பார்க் அவென்யூ சந்தை 1936இல் திறந்தது, எசெக்ஸ் தெருச் சந்தை 1940இல் திறந்தது. தெருவில் இருந்த வண்டிகளை அப்புறப்படுத்தியதில் பல வியாபாரிகளுக்கு வருத்தம் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வதந்தி ஓடும் இரவில்

சாதாரண நாட்களில் சம்பாதித்த நம்பிக்கை எதற்கு உதவும் என்பது 1943 ஆகஸ்ட் 1ஆம் தேதி இரவு தெரிந்தது. கறுப்பின மக்கள் நெருக்கமாக வாழும் ஹார்லெம் பகுதியில், ஒரு ஹோட்டலில், ஒரு பெண்ணைப் போலீஸ்காரர் கைது செய்யப் போக, கறுப்பின ராணுவ வீரர் ஒருவர் குறுக்கே வந்தார். போலீஸ்காரர் சுட்டார். வீரருக்குக் காயம், உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் தெருவில் பரவிய சேதி வேறு: தாயின் கண்ணெதிரிலேயே மகனைப் போலீஸ் சுட்டுக் கொன்றுவிட்டது. கூட்டம் திரண்டது, கடைகள் உடைந்தன. 6 பேர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் காயம்பட்டார்கள்.

லா கார்டியா அன்றிரவே ஹார்லெம் போனார். கறுப்பின உரிமை இயக்கத் தலைவர் வால்டர் வைட் போன்றவர்களைக் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றினார். அந்த இரவிலும் மறுநாளிலும் திரும்பத் திரும்ப வானொலியில் பேசினார். நடந்தது என்ன, அந்த வீரர் எப்படியிருக்கிறார் என்பதை விளக்கி, எல்லோரும் வீட்டுக்குள் இருக்கும்படி கேட்டுக்கொண்டார். கலவரம் ஒன்றிரண்டு நாளில் அடங்கியது.

அடங்கியது என்பதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஹார்லெமில் வாடகை அதிகம், பொருள் விலை அதிகம், வேலை குறைவு, போலீஸ் கெடுபிடி அதிகம். இவையெல்லாம் வெகுகாலமாகக் குமைந்துகொண்டிருந்தவை. மைக்கில் பேசி வதந்தியை அடக்கலாம், வாடகையைக் குறைக்க முடியாது. இன்னொரு குறையும் அந்த ஏற்பாட்டில் இருந்தது. வானொலியில் மேயர் பேசலாம், கேட்கிறவர் உடனே பதில் சொல்ல முடியாது. நகராட்சி நிலையத்தை மேயர் தன் பிரசாரத்துக்குப் பயன்படுத்துகிறார் என்று எதிர்த்தரப்பினர் குற்றம் சாட்டினார்கள். மக்கள் கேள்வி கேட்கவும் ஒரு வழி வேண்டும் என்பது அப்போதே புரிந்த விஷயம்.

பனியில் சரிந்த நாற்காலி

மேயர் சொன்ன தகவல் தெருவில் பொய்யாகிப் போனால் என்ன நடக்கும் என்பதை அறிய அதே அமெரிக்காவின் சிகாகோவுக்குப் போக வேண்டும்.

1979 ஜனவரி 13, 14 தேதிகளில் சிகாகோவில் ஏறக்குறைய 20 அங்குலப் பனி கொட்டியது. ஏற்கெனவே விழுந்த பனியே தெருவில் கிடந்தது. அப்போது மேயர் மைக்கேல் பிலாண்டிக். ரிச்சர்ட் டேலி என்ற பெருந்தலை 20 ஆண்டுகளுக்கு மேல் கட்டிக் காத்த கட்சி அமைப்பின் வாரிசு. அவரை யாரும் அசைக்க முடியாது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

தெருவில் நிற்கும் கார்களை எடுத்தால்தான் பனியை அள்ள முடியும். பள்ளிக்கூட மைதானங்களைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறோம், கார்களை அங்கே கொண்டுபோய் நிறுத்துங்கள் என்று மேயர் அறிவித்தார். மக்கள் போய்ப் பார்த்தார்கள். பல இடங்களில் பனி அப்படியே கிடந்தது. குப்பை எடுக்கப்படவில்லை. மேம்பால ரயில்களை வேகமாக ஓட்டுவதாகச் சொல்லி, கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளின் நிலையங்களில் நிறுத்தாமலே விட்டார்கள். வேலைக்குப் போகக் காத்திருந்தவர்கள் கண் முன்னாலேயே ரயில் தாண்டிப் போனது.

பிப்ரவரி 27ஆம் தேதி கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்தலில் பிலாண்டிக் தோற்றார். அவரை வீழ்த்திய ஜேன் பர்ன், சிகாகோவின் முதல் பெண் மேயரானார். பனியை மட்டும் மக்கள் மன்னித்திருக்கக்கூடும். சுத்தமாக இருக்கிறது என்று சொல்லப்பட்ட மைதானத்தில் முழங்கால் பனியைப் பார்த்துவிட்டுத் திரும்பியவரை யாராலும் சமாதானம் செய்ய முடியவில்லை.

பிற்காலத்தில் அமெரிக்க நகரங்கள் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி தேடின. பால்டிமோர் நகரம் 1996இல் 311 என்ற எண்ணைக் கொண்டுவந்தது. அவசரப் போலீஸ் எண்ணுக்குப் போக வேண்டாத அழைப்புகளுக்காகத் தொடங்கிய அது, பின்னர் தெருவிளக்கு, குப்பை, பள்ளம் என எல்லா நகராட்சிப் புகாருக்கும் உரிய எண்ணாக மாறியது. 2000இல் அந்த ஊர் மேயர் மார்ட்டின் ஓ’மாலி, துறை அதிகாரிகளைக் குறிப்பிட்ட இடைவெளியில் கூப்பிட்டு உட்காரவைத்து, புகார் எண்ணிக்கையைத் திரையில் போட்டுக் கேள்வி கேட்கும் வழக்கத்தை ஆரம்பித்தார். சாலைப் பள்ளம் 48 மணி நேரத்தில் அடைபடும் என்று ஊருக்கு வாக்குக் கொடுத்தார். நியூயார்க்கில் 311 எண் 2003இல் வந்தது. நம் சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணும் இதே வேலையைச் செய்வதுதான்.

தெருக்கூட்டும் வண்டியும் சேதி சொல்லும் ஊர்

கேள்வியும் பதிலும் ஒரே இடத்தில், எல்லோரும் பார்க்க நடந்தால் எப்படியிருக்கும்? ஸ்பெயினின் கிரனாடா நகரை ஒட்டியுள்ள ஹுன் என்ற சிற்றூர் இதைச் செய்து பார்த்தது. மக்கள்தொகை சுமார் 3,500. நம் கணக்கில் ஒரு நடுத்தரக் கிராமம். 1999லேயே இணையம் எல்லோருக்கும் உரிய உரிமை என்று தீர்மானம் போட்ட ஊர் அது.

அங்கே மேயராக இருந்த ஹோசே அந்தோனியோ ரொட்ரிகெஸ் சலாஸ், ஊர் நிர்வாகத்தையே ட்விட்டரில் நடத்தினார். ஊர்மக்கள் நகராட்சி அலுவலகத்துக்குப் போய்த் தங்கள் கணக்கைப் பதிவு செய்துகொள்ளலாம். யார் எழுதுகிறார் என்று அலுவலகத்துக்குத் தெரியும். ஒருவர் தன் தெருவில் விளக்கு எரியவில்லை என்று மேயரைக் குறிப்பிட்டு எழுதுவார். மேயர் உடனே அதைப் பார்த்து, மின்பணியாளரின் பெயரையும் சேர்த்து, நாளை சரியாகும் என்று பதில் போடுவார். மறுநாள் மின்பணியாளர் விளக்கைச் சரிசெய்து படமெடுத்துப் போடுவார். புகார், பொறுப்பாளர், முடிவு மூன்றும் ஊர் பார்வையில் இருக்கும். காவலரின் சட்டையிலும் ட்விட்டர் பெயர் பொறித்திருந்தது. தெருக்கூட்டும் வண்டியை ஓட்டுகிறவரும் இன்று எந்தத் தெருவைச் சுத்தம் செய்தோம் என்று படத்தோடு எழுதினார். மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்குவதும் அதிலேயே நடந்தது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர்கள் இந்த ஊரை ஆராய்ந்து 2015இல் எழுதினார்கள். காவலர் எண்ணிக்கையை நான்கிலிருந்து ஒன்றாகக் குறைத்தும் வேலை தடைப்படவில்லை என்று மேயர் சொன்னதை அவர்கள் குறிப்பிடுகிறார்கள். இன்னொன்றையும் அவர்கள் கவனித்தார்கள். விளக்கு மாட்டுகிறவருக்கும் தெருக்கூட்டுகிறவருக்கும் ஊர் முன்னால் பாராட்டுக் கிடைத்தது. மேயர் விழாவில் மாலை வாங்குவதை நாம் தினமும் பார்க்கிறோம். சாக்கடை அடைப்பை எடுத்தவரின் பெயர் ஊருக்குத் தெரிவது அபூர்வம்.

3,500 பேர் வாழும் ஊரில் முடிந்தது பல லட்சம் பேர் வாழும் ஊரில் முடியுமா என்ற கேள்வி நியாயமானது. ஒரு மேயர் அத்தனை பேருக்கும் பதில் எழுத முடியாது. ஒரு வார்டு கவுன்சிலர் தன் வார்டுக்குச் செய்ய முடியும். சிலர் வாட்ஸ்அப் குழுக்களில் செய்தும் வருகிறார்கள்.

நம் மேயரின் கையில் என்ன இருக்கிறது?

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகத் தெரிந்துகொள்வது நல்லது. லா கார்டியா நியூயார்க்கின் நிர்வாகத் தலைவர். அதிகாரிகளை நியமிக்கவும் நீக்கவும் அவரால் முடியும். தமிழ்நாட்டில் மேயர் மாமன்றத்தின் தலைவர். கூட்டத்தை நடத்துவதும் தீர்மானங்களைக் கொண்டுவருவதும் அவர் பொறுப்பு. அன்றாட நிர்வாக அதிகாரம் அரசு நியமிக்கும் ஆணையரிடம் இருக்கிறது.

வேலைகளும் பல கைகளில் பிரிந்து கிடக்கின்றன. சென்னையில் குப்பையும் தெருவிளக்கும் மாநகராட்சியின் பொறுப்பு. குடிநீரும் பாதாளச் சாக்கடையும் 1978இல் உருவான குடிநீர் வாரியத்தைச் சேர்ந்தவை. மின்சாரம் மின்வாரியத்தின் பொறுப்பு. பெரிய சாலைகள் பலவும் நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தம். ஒரே தெருவில் குழி தோண்டியவர் ஒருவர், மூட வேண்டியவர் இன்னொருவர். வீட்டு வாசலில் தேங்கிய தண்ணீரைப் பார்த்துக் கோபப்படுகிறவருக்கு இந்தப் பங்கீடு தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை. யாரிடம் போக வேண்டும் என்று எடுத்துச் சொல்வதே மேயரின் அறிவிப்புகளில் முதல் வேலையாக இருக்கலாம்.

அதிகாரம் குறைவாக இருந்தாலும் மேயரின் குரலுக்கு வலு உண்டு என்பதற்குச் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. 1939இல் மேயரான சத்தியமூர்த்தி, ஊர் தண்ணீர்ப் பஞ்சத்தில் தவித்தபோது, கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் வேண்டும் என்று ஆங்கிலேய அரசிடம் விடாமல் வாதாடினார். 1940இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1944இல் தேக்கம் திறக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. இன்று அதற்கு அவர் பெயர்.

நம் மாநிலத்தில் பத்தாண்டு இடைவெளிக்குப் பிறகு 2022 பிப்ரவரி 19ஆம் தேதி நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 21 மாநகராட்சிகளுக்கும் 138 நகராட்சிகளுக்கும் 489 பேரூராட்சிகளுக்கும் மக்கள் வாக்களித்தார்கள். அதே ஆண்டில் வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகளும் வந்தன. கிராமத்துக்குக் கிராம சபை இருப்பதுபோல நகரத்துக்குப் பகுதி சபை. ஒவ்வொரு வார்டும் பல பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. சென்னை போன்ற பெரிய ஊர்களில் ஒரு வார்டுக்குப் பத்துப் பகுதிகள். கவுன்சிலர் தலைமையில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அந்தப் பகுதி வாக்காளர்கள் கூடிப் பேசலாம். 2022 நவம்பர் 1ஆம் தேதி உள்ளாட்சி நாளன்று மாநிலமெங்கும் இந்தச் சபைகள் கூடின.

நியூயார்க் வானொலிக்கு இல்லாத வசதி இது. மைக்கும் உண்டு, எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்க ஆளும் உண்டு. ஆனால் இந்தக் கூட்டங்கள் நடப்பது பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்து வருகிறவரும் ஒருமுறை மனுக் கொடுத்துவிட்டு, அது என்னவாயிற்று என்று தெரியாமல் அடுத்த முறை வராமல் இருந்துவிடுகிறார்.

இதைச் சரிசெய்ய அதிகச் செலவாகாது. கூட்டத்தின் நாளும் இடமும் ஒரு வாரம் முன்னதாக ரேஷன் கடையிலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒட்டப்பட வேண்டும். கூட்டம் தொடங்கியதும் முதல் வேலையாக, போன கூட்டத்தில் வந்த கோரிக்கைகளைத் தெருப் பெயரோடு வாசிக்க வேண்டும். முடிந்தது எது, எந்தத் தேதியில் முடிந்தது, முடியாதது எந்தத் துறையில் நிற்கிறது, அதைப் பார்க்கும் பொறியாளர் யார் என்று சொல்ல வேண்டும். அந்தப் பட்டியலின் நகல் வார்டு அலுவலகப் பலகையில் அடுத்த கூட்டம் வரை தொங்க வேண்டும். மாநகராட்சி முழுவதிலிருந்தும் இந்தப் பட்டியல்களைத் தொகுத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேயரே உள்ளூர்க் கேபிள் டிவியிலோ யூடியூபிலோ பேசலாம். சட்டத்தைத் திருத்தவோ புதிதாக நிதி ஒதுக்கவோ வேண்டியதில்லை. மாமன்றத்தில் ஒரு தீர்மானம் போதும், அதைக் கொண்டுவரும் அதிகாரம் நம் மேயர்களிடம் இப்போதே இருக்கிறது.